வில்ஃப் கொண்டுவந்த ரம்

பொய்யனுக்கு,

உன் நீர்மூழ்கி மால்டாவுக்குத் திரும்பவில்லை என்று கடற்படை எழுதியது. அது கிடக்கட்டும். இன்று உன் கப்பல் கூட்டாளி வில்ஃப் வந்தான், காய்ச்சல் தேறி.

"உத்தரவெல்லாம் இல்லீங்க. 'நீ படுத்துக்கடா, உனக்குப் பதிலா நான் போறேன்'னு அவனாத்தான் ஏறினான்."

என்னிடம் மேலிடத்து உத்தரவு என்றாயே.

உதவிக்கு ரம்மால் கைமாறு செய்வதுதானே உங்கள் கப்பல் வழக்கம்? கடற்படை தினமும் அளந்து தரும் ரம்மில் தன் பங்கை மிச்சம்பிடித்து, உனக்கென்று மருந்து பாட்டிலில் கொண்டுவந்திருந்தான்.

"நீயே குடி" என்றேன். வாசலிலேயே நின்று அழுதுகொண்டே குடித்தான். எனக்கு இரக்கம் வரவில்லை.

இத்தனை நாள் கடற்படையைத் திட்டித் தீர்த்தேன். அத்தனையும் உனக்குச் சேர வேண்டியது. நேரில் வந்து வாங்கிக் கட்டிக்கொள்.

கதவைத் தாழிடாத
உன் பெண்டாட்டி