கயிற்றின் ஒரு முனை

மார்ச் 4
மழை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற கூடைப்பந்துத் தளம் குளமாகிவிட்டது. என் அணிப் பிள்ளைகள் அதிலேயே இரட்டைக் கயிறு சுற்றிக் குதித்தார்கள். வேண்டாமென்றால் கேட்கிற ஜென்மங்களா?

மார்ச் 9
அறக்கட்டளையிலிருந்து விட்கோம் வந்திருந்தார். ஷூ, ஜாக்கெட், ஜூனில் நடக்கிற கயிறாட்டப் போட்டிக்குப் போக பஸ், எல்லாம் தருவார்களாம். கடைசியில்தான் குண்டைப் போட்டார். மானியம் விளையாடுகிறவர்களுக்கு மட்டும். டெனீஸ் அதில் சேரமாட்டாளாம்.

டெனீஸுக்கு வலது காலில் இரும்புச் சட்டம். குதிக்க மாட்டாள். இரண்டு கயிற்றையும் ஒரு முனையில் பிடித்து, மற்றவர்கள் நடுவில் குதிக்கச் சுற்றுவாள். மறுமுனை பிடிக்கிற ஜொனெல் குதிக்கவும் செய்வாள் என்பதால் அவள் பேர் தப்பித்தது.

"தெருவுல நானும் பாத்திருக்கேன், மிஸ் வெர்லீன். கால் தடுக்கினவதானே கயிறு பிடிக்கப் போவா? அது தண்டனைதானே?" என்றார் விட்கோம்.

தெருவில் அப்படித்தான். போட்டியில் சுற்றுகிறவள் கை கொஞ்சம் பிசகினால் குதிக்கிறவள் மூஞ்சியில் கயிறு விழும். சொன்னேன். தலையாட்டிவிட்டு, "உதவியாளர்னு போட்டுக்கலாமே" என்றார். போட்டுக்கலாமாம். என்ன நினைச்சிட்டிருக்கான் இந்த ஆளு?

மார்ச் 10
மானியத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன்.

மார்ச் 17
போடாவிட்டால் யாருக்கும் பஸ் இல்லை. ஒருத்திக்காக மற்றவர்கள் எல்லாம்... இப்படி யோசித்ததற்கே என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும்.

டெனீஸ் இருக்கும்போதே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஒளித்துப் பேச மனசு வரவில்லை. வாயாடி கியான்ட்ரா, "அந்த ஆள இன்னொரு வாட்டி வரச் சொல்லுங்க கோச்" என்றாள். டெனீஸ் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 25
ஆட்டத்தைப் பார்க்க வரச் சொல்லியிருந்தேன்; விட்கோம் தன் மேலதிகாரி அம்மாளையும் கூட்டி வந்தார். "ஆரம்பிங்கடி" என்றேன்.

டெனீஸ் பெஞ்சில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். கயிறு தரையில் கிடந்தது. மற்றவர்கள் வரிசையாக வந்து கயிறே இல்லாமல் வெறுங்காற்றில் குதித்தார்கள். பாட்டு வேறு. சத்தியமாக இது எனக்குத் தெரியாது.

"கயிறு எங்க?" என்றார் அந்த அம்மாள்.

"ஒரு முனை பிடிக்க ஆளில்ல மேடம்," என்றாள் கியான்ட்ரா. "அவ விளையாடுறவ இல்லையாம். சார்தான் சொன்னாரு."

டெனீஸ் பாக்கெட்டை நீட்டினாள். "சிப்ஸ் எடுத்துக்கிறீங்களா சார்?"

போச்சு பஸ், என்று நினைத்தேன். அடி சக்கை என்றும் நினைத்தேன்.

அந்த அம்மாள் டெனீஸ் பக்கம் திரும்பி, "நீ சுத்துறத நான் பாக்கலாமா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள்.

"மொதல்ல அவ பேர எழுதுங்க," என்றேன். "அப்புறம் சுத்துவா."

"மேலிடத்துல கேக்கணும்," என்றார் அந்த அம்மாள்.

"கேட்டுட்டு வாங்க. நாங்க எங்கயும் போகல."

எங்கிருந்து வந்தது எனக்கு இந்தத் திமிர்? வரட்டும். இருக்கட்டும்.

ஏப்ரல் 20
பதில் இல்லை. தினமும் பழகுகிறோம். டெனீஸ் சுற்றுகிறாள்.

ஜூன் 12
அறக்கட்டளை தந்த பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஏசி வேலை செய்யவில்லை. எல்லாரும் புது ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் போட்டாயிற்று. டெனீஸ் மட்டும் தன் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டு, வேர்த்து வழிய உட்கார்ந்திருக்கிறாள்.

"கழட்டேன்டி, வெந்துருவ," என்றாள் கியான்ட்ரா.

"நீ வேணா கழட்டு," என்றாள் டெனீஸ்.