வெயில் இருக்கும்வரை அணையாத கரண்ட்

ராஜகீழ்ப்பாக்கம்
14.6.2009

அன்பு மகள் ஏஞ்சலுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. போனில் சொன்னால் பிரிட்டோ காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

படப்பை தாண்டிக் கட்டுகிற சோலார் பவர் பிளான்டில் உன் தம்பி எலெக்ட்ரீசியனாகச் சேர்ந்தது உனக்குத் தெரியும், அந்த ஊர்க்காரன் குப்பன்தான் அவனுக்கு ஹெல்ப்பர். போன மாதம் பெரிய அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள் என்று ஒரே அவசரம். வெயில் பட்டாலே அந்தச் சோலார் பலகைகளில் கரண்ட் வந்துவிடுமாம், மெயினை அணைத்தாலும் நிற்காதாம், தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுத்தான் ஒயரில் கை வைக்க வேண்டுமாம். பிரிட்டோ தார்ப்பாய் கேட்டிருக்கிறான். இன்ஜினியர், மெயின் ஆஃப்லதானே இருக்கு, டைம் இல்ல என்று சொல்லிவிட்டு, குப்பனைப் பார்த்து நீ ஒயரை மாட்டுப்பா என்றாராம். இவன் தடுப்பதற்குள் அவன் ஒயரைப் பிடித்துவிட்டான், அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

போலீஸிடம் குப்பன் தானாகத் தொட்டான் என்று சொல்லும்படி கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள், இவனும் பயத்தில் அப்படியே சொல்லிவிட்டான். சாவுக்கு நானும் கூடப் போயிருந்தேன். குப்பன் சம்சாரம் கனகவல்லி இவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அது யாரும் சொல்லாம எதையும் தொடாதுண்ணா, நீ பக்கத்துலதானே இருந்த, இன்னா ஆச்சுன்னு சொல்லு" என்று கேட்டாள். இவன் அவள் கையை விலக்கிவிட்டு என்னோடு பஸ் ஏறிவிட்டான். தாம்பரம் வந்து இறங்கியதும் நீ வூட்டுக்குப் போப்பா என்றவன், திரும்பவும் படப்பை பஸ் ஏறி, ஸ்டேஷனில் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டான். அதை வைத்துக் கனகவல்லி இன்ஜினியர் மேல் கேஸ் கொடுத்தாள்.

மறுநாளே வேலை போயிற்று. மூடாமல் விட்டது எலெக்ட்ரீசியன் தப்பு என்கிறாராம் இன்ஜினியர், கேஸ் இவன் மேலேயே திரும்பலாம் என்கிறார் வக்கீல். அவனுக்குப் பேசியிருந்த பெண் வீட்டாரும் நிச்சயதார்த்தம் இப்போது வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். வாயை மூடிக்கினு இருந்திருந்தா இந்தப் பேஜார் உண்டா என்று உன் அம்மா அழுகிறாள். அவளையும் என்னால் கோபிக்க முடியவில்லை, அவனையும் முடியவில்லை.

நேற்று கனகவல்லி வந்தாள். அதே பிளான்டில் பலகை துடைக்கிற வேலை தருகிறார்களாம், அதனால் கேஸை விட்டுவிடுகிறேன், புள்ளைங்க கீது, மன்னிச்சுக்கோண்ணா என்றாள். பிரிட்டோ கோபப்படவே இல்லை. "போம்மா, ஒயரு கிட்ட மட்டும் கை வெக்காத" என்றான். அவள் போன பிறகு சாப்பிடவே இல்லை.

நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிய டிக்கெட்டை கேன்சல் செய்யாதே அம்மா, முடிந்தால் வந்து நாலு நாள் அவனோடு இரு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. கர்த்தர் உங்களைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
ஏசுபாதம்