கல்கத்தாவுக்கே திரும்பிப் போனவருக்கு

ஏனுங்க,

பக்கத்து லைன் வீட்டில் கடுகு எண்ணெயில் மீன் பொரிக்கிறார்கள். தறி ஓட்ட வந்திருக்கும் வங்காளத்துக் குடும்பம்தான். அந்த நெடி எனக்கு ஆகாது. நான் சன்னலைச் சாத்துவேன், நீங்கள் திறந்துவிடுவீர்கள். இன்றைக்குச் சாத்த மனசு வரவில்லை. சோறு இறங்காமல் தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் நீங்கள் கல்கத்தாவைப் பற்றிச் சொன்னதில் பாதியை நான் நம்பவில்லை. உங்கள் அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. நீங்கள் பிறந்ததும் அங்கேதான். வெள்ளைக்காரன் தலைநகராக வைத்திருந்த ஊர், சீனாக்காரன் செருப்புத் தைப்பான், மார்வாடி சணல் விற்பான், எல்லா ஊர்ப் பேச்சும் ஒரே தெருவில் கேட்கும் என்பீர்கள். கடல் எங்கோ கிடக்க, கப்பல் ஆற்றுவழியாக ஊருக்குள் வருமாம். ரோட்டுப் பாலமே மேலே எழுந்து அதற்கு வழிவிடுமாம்.

"ஆத்துல கப்பலாங்க? அப்ப நம்ம நொய்யல்ல ஒண்ணு உடுங்க, பாக்கலாம்."

"நொய்யல்ல சாக்கடைதான் அம்மணி மெதக்கும்" என்று சிரித்தீர்கள்.

உங்கள் அம்மா அங்கே இறந்தபிறகு, சின்ன வயசிலேயே உங்களைச் சூலூருக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்ததும் ஆசையாக வங்காளத்தில் ரெண்டு வார்த்தை பேசிப் பார்த்தீர்கள். திணறிவிட்டு, "எல்லாம் மறந்துபோச்சு அம்மணி" என்று முகம் வாடி உள்ளே வந்தீர்கள்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உங்கள் தமிழ் போய்விட்டது. மறந்துபோச்சு என்றீர்களே, அந்த வங்காளம்தான் நிற்காமல் வந்தது. "சில பேருக்கு இப்படி ஆகும்மா" என்றார் டாக்டர். தண்ணி வேணுங்களா, கால் வலிக்குதுங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். உங்கள் கண் என்மேல் நிற்கவில்லை. இத்தனை வருசம் கூட இருந்த எனக்கு, நீங்கள் சொன்னது ஒன்றுகூட விளங்கவில்லை.

பக்கத்து வீட்டு ரீனாவைக் கூட்டிவந்தேன். அவள் உங்கள் வாயருகே காதை வைத்துக் கேட்டாள்.

"கப்பல் சங்கு ஊதிருச்சாம் அக்கா. பாலம் தூக்கறதுக்குள்ள அந்தப் பக்கம் போகணுமாம். அம்மா எங்கேன்னு கேக்கறாரு."

"என்னையக் கேட்டாரா கண்ணு?"

ரீனா தலையைக் குனிந்துகொண்டாள். "கேட்டாரு அக்கா."

பொய் என்று தெரிந்தது. என்ன கேட்டார் என்று நான் மேலே விசாரிக்கவில்லை. 'நான் இங்கதான் இருக்கேன்' என்பதை உங்கள் பேச்சில் சொல்லித்தரச் சொன்னேன். வாய்க்குள் உருட்டிப் பழகி, உங்கள் காதில் சொன்னேன்.

"ஆமி எகானே ஆச்சி."

அப்போதுதான் என்னைப் பார்த்தீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு "மா" என்றீர்கள்.

உங்கள் பெண்டாட்டிங்க நான் என்று சொல்ல எனக்கு வார்த்தை தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா? உங்கள் முகம் அப்படித் தெளிந்திருந்தது. பிடி தளரும்வரை அந்த மூணு வார்த்தையையே சொன்னேன்.

துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் நல்ல சாவு என்கிறார்கள். தறிக்குக் கிளம்பும்போதுகூட "வாரேன் அம்மணி" என்று சொல்லாமல் வாசலைத் தாண்டாத மனுசன் நீங்கள். இந்தத் தடவை உங்கள் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தீர்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவே இல்லை.

உங்கள் ஊர்ப் பேச்சில் எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். அடுப்படியில் தனியாக இருக்கும்போது அதைச் சொல்லிப் பார்க்கிறேன். "என்னங்கத்தே, தனியாப் பேசறீங்க?" என்கிறாள் மருமகள். ஒண்ணுமில்ல கண்ணு என்கிறேன்.

நான் இங்கேதான் இருக்கிறேனுங்க. இருந்து என்ன செய்யட்டும்?