ஊதா யானை

பாப்புவின் அம்மாவுக்கு,

உன் அக்கா வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டு உன் கோபத்தைக் கிளற மாட்டேன்.

பாப்பு போன பிறகு நான் வலிப்பு ஆராய்ச்சியை விட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற வேறொரு நரம்பு நோயின் பக்கம் தாவியபோது, புத்தி கெட்டுவிட்டதா என்று எல்லோரும் கேட்டார்கள். நீ மட்டும் கேட்கவில்லை. இன்று ஆஸ்பத்திரியில் என் பழைய வலிப்பு ஆராய்ச்சி அறையைக் காலி செய்யும்போது ஒரு வீடியோ கிடைத்தது.

அதில் பாப்புவின் தலை முழுக்க, மூளை அலைகளைப் பதியும் வயர். வலிப்பு வருகிறது. நான் குனிந்து, "ஊதா யானை" என்கிறேன். வலிப்பின்போது ஒரு வார்த்தையைச் சொல்லி, தெளிந்ததும் அது நினைவிருக்கிறதா என்று கேட்பது வலிப்பு டாக்டர்கள் எங்கள் வழக்கம்.

"புள்ள துடிக்கிறா, யானையாம் யானை!" என்று நீ எரிந்து விழுகிறாய். அவள் காலைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறாய்.

தெளிந்ததும் கேட்கிறேன்: "அப்பா என்ன சொன்னேன்?"

"தெரியலப்பா."

நினைவில்லை என்று குறித்துக்கொண்டு போய்விடுகிறேன். நீயும் தண்ணீர் எடுக்கப் போகிறாய். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. பாப்பு நர்ஸிடம் சொல்கிறாள்: "அம்மா 'இங்கதான்டி இருக்கேன்'னு சொன்னாங்க. அது மட்டும் கேட்டுச்சு."

வலிப்பிலேயே உன் மடியில் அவள் உயிர் பிரிந்த அன்று, "நான் பேசினது அவளுக்குக் கேட்டிருக்குமா?" என்றாய். டாக்டராக நின்று, "கேட்டிருக்காது" என்றேன். அதன்பின் நீ என்னிடம் பேசவே இல்லை.

கேட்டிருக்கும். அவளுக்குக் கேட்காமல் போனது என் குரல்தான்.

பாப்புவின் அப்பா