மூச்சு முட்டிய அடுப்பு

அன்புள்ள ஜோசே,

நீயும் குட்டி எம்மெட்டும் அந்த அரிசோனா வெயிலில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். இதை எப்போதும் எழுதுகிற வார்த்தை என்று தாண்டிப் போய்விடாதே, நிஜமாகவே சொல்கிறேன். அப்பா போனில் உன்னிடம் காய்ச்சல் என்றாரே, அது காய்ச்சல் இல்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் நான் அழுவேன், நீயும் அழுவாய், ஒன்றும் விளங்காது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இலையுதிர் காலத்தில் ஜன்னல்களையெல்லாம் மாற்றி, மேல் பரணில் பஞ்சு அடைத்து, கதவிடுக்குகளுக்கு ரப்பர் ஒட்டினோம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதோடு வீடு ஊறுகாய் பாட்டில் மாதிரி இறுகிப்போனது. முன்பெல்லாம் வடக்குக் காற்று அடித்தால் மூடிய ஜன்னலிலேயே திரைச்சீலை ஆடும், இப்போது மெழுகுவத்திச் சுடர்கூட அசைவதில்லை. அப்பாவுக்குப் புது மாப்பிள்ளை போலச் சந்தோஷம், "பாத்தியா ஜெரி, இனிமே ஆத்துக்கு அந்தப் பக்கம் கனடாக்காரனையெல்லாம் நாம குளிர் காய வைக்க வேண்டாம்" என்று என்னிடமும் வருகிறவர் போகிறவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வரவேற்பறைக் கணப்புக்குள் செருகியிருக்கிறோமே, மரத்தூளை உருட்டிய குருணையில் எரிகிற அடுப்பு, அது அன்றிலிருந்தே சரியில்லை. அதன் கண்ணாடிக் கதவில் கரி பிடித்தது, தீ மஞ்சளாக நீண்டு சோம்பேறித்தனமாக அசைந்தது, சாம்பல் குவிந்தது. குருணை ஈரமாக இருக்கிறது என்று அப்பா மூட்டையை மாற்றினார், பிறகு வேறு கடை மூட்டையை வாங்கினார், திட்டிக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு மத்தியானம் சமைக்கும்போதெல்லாம் தலைவலி வந்தது, மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன். நச்சுப் புகை அலாரம் பேட்டரி தீர்ந்து கீச் கீச் என்று கத்தியதால் அப்பா அதைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டிருந்தார், பேட்டரி வாங்கணும், வாங்கணும் என்று சொன்னதோடு சரி.

அன்று சனிக்கிழமை, வெளியே பனி கொட்டுகிறது. கோழி ஸ்டூ கொதிக்கிறது, நான் ப்ளோய் அடை சுட்டுக்கொண்டிருக்கிறேன், தலைக்கு மேலே ஆவி இழுக்கிற விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது, பின்னால் துணி உலர்த்தும் மெஷினில் அப்பாவின் கம்பளிச் சட்டைகள் உருண்டுகொண்டிருக்கின்றன. அப்பா கணப்பு பக்கத்தில் தன் நாற்காலியில். உருளைக்கிழங்குத் தோலைக் கொட்டப் பின்கதவைத் திறந்தேன், சொன்னால் நம்ப மாட்டாய், அங்கே கணப்பு அடுப்பில் தீ சட்டென்று எழுந்து நின்றது, வெள்ளையாக, குதிக்கிற மாதிரி. கதவைச் சாத்தினேன், படுத்துவிட்டது. மறுபடி திறந்தேன், எழுந்தது. மறுபடி சாத்தினேன். அப்பா கத்தினார், "என்னடி கதவோட விளையாட்டு? பனி உள்ள வருது பாரு." "அந்தத் தீ மூச்சுக்குத் திணறுது ரெனால்" என்றேன். "தீக்கு மூக்கு எங்கடி இருக்கு?" என்று சிரித்தார். அதுதான் அன்று அவர் தெளிவாகப் பேசிய கடைசி வார்த்தை.

தட்டில் போட்டுவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டேன், பதில் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் கண் திறந்திருக்கிறது, "வரேன்" என்று ஏதோ குழறுகிறார், எழ முயல்கிறார், கால் சொன்னபடி கேட்கவில்லை. காட்டில் மரம் இழுத்த கால் ஜோசே அது. எனக்கும் அறை சுற்றியது. என்ன ஏது என்று புரியவில்லை, வெளியே போக வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. "எழுந்திரு ரெனால், எழுந்திரு" என்று கத்தி, நாற்காலியிலிருந்து சரித்து, கீழே கிடந்த பின்னல் விரிப்போடு சேர்த்து அவரை இழுத்தேன். வாசற்படியில் அவர் குதிகால் சிக்கிக்கொண்டது, அதை விடுவிக்கக் குனிந்தபோது இப்படியே இரண்டு பேரும் விழுந்துவிடுவோம் என்றுதான் நினைத்தேன். எப்படியோ பனியில் வந்து விழுந்தோம். போன் அடுப்பங்கரையில் இருந்தது. அதை எடுக்கத் திரும்ப உள்ளே போனேனே, அந்தப் பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, என் சொந்த வீட்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ஆம்புலன்சுக்கு முன்னால் பக்கத்துப் பண்ணை லினெட் வந்துவிட்டாள், உன்னோடு படித்தவள், இப்போது ஊர்த் தீயணைப்புப் படையில் இருக்கிறாள். கையில் அளக்கிற கருவியோடு வந்தாள், அது வாசலிலேயே அலற ஆரம்பித்துவிட்டது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஸ்டூ அடுப்பில் இருக்கிறது என்று நான் புத்தி கெட்டுச் சொன்னேன், "கருகினா கருகட்டும் ஆன்ட்டி, உள்ள ஒரு அடி வெச்சீங்க, கட்டிப் போட்டுருவேன்" என்று அதட்டி, தன் கோட்டைக் கழற்றி அப்பாவுக்குப் போர்த்தினாள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். அப்பா என்னைப் பார்த்து, இறந்துபோன தன் அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் ஆமாம் என்றேன், வேறு என்ன சொல்ல. மறுநாள் காலையில் கஞ்சி நன்றாக இல்லை என்று நர்ஸிடம் சண்டை போட்டார், அப்போதுதான் எனக்கு உடம்பில் உயிர் வந்தது.

அடுப்புக் கடை ஃபெர்னான்ட் வந்து பார்த்துச் சொன்னான், ஆவி விசிறியும் துணி மெஷினும் வீட்டுக் காற்றை இழுத்து வெளியே தள்ளுகின்றன, அடுப்பும் அதே காற்றைத்தான் தின்கிறது, முன்பு இடுக்குகளில் புதுக் காற்று வந்துகொண்டிருந்தது, இப்போது வழியில்லை, அதனால் தீ அரைகுறையாக எரிந்து வாசனையே இல்லாத விஷவாயுவைக் கக்கியிருக்கிறது, மேலே போகிற குழாயில் ஒரு இணைப்பும் தளர்ந்திருந்ததால் அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது என்று. அடுப்புக்குத் தனியாக வெளிக்காற்று கொடுத்தே ஆக வேண்டுமாம். அப்பா, "நிலவறையில எவ்வளவு காத்து சும்மா கெடக்குது, அங்கிருந்து எடு" என்றார். "அதுவும் இந்த வீட்டுக் காத்துதானே அங்கிள், ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில போடுற கதை" என்றான் அவன். கணப்பின் அடியில் சாம்பல் தள்ளுகிற இரும்பு மூடி இருக்கிறதே, அது கீழே சாம்பல் குழிக்கும், அங்கிருந்து வெளிச்சுவரில் ஒரு சின்னக் கதவுக்கும் போகிறது. அதன் வழியாகவே உலோகக் குழாயை இழுத்து அடுப்பின் பின்புறத்தில் மாட்டி, சுற்றி அடைத்து, வெளிவாயில் எலி புகாமல் வலை போட்டான். மேலே இணைப்பையும் சரி செய்தான். பற்ற வைத்ததும் தீ நிமிர்ந்து எரிந்தது, நான் அடுப்பங்கரை விசிறியைப் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். இரண்டு நாள் வெயிலடித்துக் கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து, குழாயின் வெளிவாய் இருக்கிற பக்கம் விழுந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்த்தால் தீ மறுபடி மஞ்சளாக நீளுகிறது. "அணை ரெனால், அணை" என்று கத்திக்கொண்டு கோட்டுகூட இல்லாமல் ஓடி, கையில் கிடைத்த பானை மூடியால் பனியைத் தோண்டினேன். அப்பா அடுப்பை நிறுத்திவிட்டு மண்வாரியோடு வந்தார், கேலி செய்யாமல் பக்கத்தில் நின்று தோண்டினார். ஃபெர்னான்ட் திரும்ப வந்து குழாயைச் சுவரோடு மேலே ஏற்றி, என் தலைக்கு மேல் உயரத்தில் வாயைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டுப் போனான், இனி எந்தப் பனியும் எட்டாது என்றான். கீழே ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று புது அலாரமும் வைத்தோம்.

எல்லாம் சரிதான், ஆனால் என் பயம் போகவில்லை ஜோசே. கோயிலில் பாதிரியார் பேசும்போது வீட்டுத் தீ என்ன நிறத்தில் எரிகிறது என்றே யோசிக்கிறேன். லேசாகத் தலை வலித்தாலும் ஜன்னலைத் திறக்கிறேன். மத்தியானம் அப்பா நாற்காலியில் கண்ணயர்ந்தால் சத்தமில்லாமல் போய் அவர் மூக்குக்கு முன்னால் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். நேற்றும் வைத்தேன். கண்ணைத் திறக்காமலே, "இருக்கேன், போய் வேலையைப் பாரு" என்றார். ஆனால் என் கையைப் பிடித்தவர் கொஞ்ச நேரம் விடவில்லை.

எம்மெட்டுக்குப் புதுப் பல் வந்ததா எழுது, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், நீயும் வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே. மாதா உங்கள் இரண்டு பேர் தலைமேலும் கை வைத்துக் காக்கட்டும். உன் குடியிருப்பில் குளியலறைக்குப் பக்கத்து அலமாரியில் கேஸில் ஓடுகிற வெந்நீர்த் தொட்டி இருக்கிறது என்றாயே, அங்கே அலாரம் உண்டா? இல்லையென்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன் கிளம்பிப் போய் வாங்கு. மாட்டியதும் எனக்குப் போன் செய், ஒன்றும் பேச வேண்டாம், அதன் பட்டனை அழுத்தி அது கத்துவதை என் காதில் போடு, போதும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
ஜெரால்டா