இருட்டாகத் தெரிந்த மூலை

ஜூன் 9, திங்கள்

அனல். காலை எட்டு மணிக்கே மின்வெட்டு. பள்ளி திறந்து ஒரு வாரம், இன்னும் வரலாற்றுப் புத்தகம் வந்து சேரவில்லை.

வாங்க வேண்டியது: அவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து, ரவை, மாவரைக்கும் கிரைண்டருக்கு பெல்ட்.

மாலை அவர் பீங்கான் கம்பெனியிலிருந்து வந்ததும் விளையாட்டு. மகள் சென்னைக் கல்லூரிக்குப் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டர், விட்டுப்போன சி.டி. அந்த விளையாட்டில் ஆறு வற்றிப்போன ஒரு நகரம். தெருத் தெருவாக, சுரங்கம் சுரங்கமாகப் போக வேண்டும். மவுஸ் அவர் கையில். திரையில் வரும் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்வது என் வேலை. இரண்டு வருடமாக இப்படித்தான்.

மங்கலம்பேட்டையிலிருந்து அவர் அக்கா வந்திருந்தார். வாசலில் நின்றபடியே, "ஏன் சுமதி, வூட்ல சண்ட போட விஷயம் இல்லன்னா பொட்டிக்குள்ள பூந்து போடுறீங்க ரெண்டு பேரும்?"

அவர் திரும்பாமலே, "நீ இருக்கச்சொல்ல எங்களுக்கு என்னாக்கா கொறச்சல். ஒக்காரு, டீ குடி."

எங்கள் பழைய வழக்கு ஒன்று உண்டு. வரைபடத்தில் போகாத இடம் கறுப்பாக இருக்கும், கால் பட்டால் வெளுக்கும். ஒரு கறுப்பு மூலைகூட மிஞ்சக் கூடாது என்பது அவர் கட்சி. எல்லாவற்றையும் பார்த்துத் தீர்த்துவிட்டால் ஊர் செத்துவிடும், கொஞ்சம் இருட்டு இருக்கட்டும் என்பது என் கட்சி.

இன்று சொன்னார்: "கீழ, எடது பக்கம் இன்னும் இருட்டா கெடக்குது பாரு. அங்க போவவே இல்ல நாம."

பார்த்தேன். வெளுத்துத்தான் இருந்தது. ஏப்ரலிலேயே போய்வந்த இடம்.

"ஆமாங்க. அப்புறம் போவலாம்" என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

தூக்கமில்லை. வகுப்பில் இரண்டு முறை ஒரே பத்தியை வாசித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

மே மாதம் பாண்டியில் கண் டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னது: இரண்டு கண்ணிலும் நரம்பு காய்ந்து வருகிறது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காக்கத்தான் மருந்து. வண்டி ஓட்டக் கூடாது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவரிடம் நான் தமிழில் சொன்னது: "மருந்து போட்டா ஆறு மாசத்துல தெளிஞ்சிடுமாம்."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கும் தமிழ் தெரியும்தானே. சீட்டை எழுதி என் கையில் கொடுத்தார்.

வண்டி விஷயத்தை இதுவரை சொல்லவில்லை. அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். "கொஞ்ச நாளைக்கு பஸ்ஸுல போங்களேன்" என்றால், "தெளியப்போற கண்ணுக்கு எதுக்குடி பஸ்ஸு?" என்கிறார்.

ஜூன் 11, புதன்

புழுக்கம். ரவையில் பூச்சி.

விளையாட்டில் படகோட்டி வந்தான். வற்றிய ஆற்றங்கரையில் உட்கார்ந்து படகைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். மற்ற விளையாட்டுகளில் வழியில் பார்க்கிறவனெல்லாம் பாட்டன் பூட்டன் கதை சொல்லி அறுப்பான். இதை எழுதியவர் அப்படியில்லை. மூன்றே வரி. 'ஆறு வராது. எனக்குத் தெரியும். துடைப்பது கைப்பழக்கம்.'

"என்னா சொல்றான்?"

"மழ பேஞ்சா ஆறு வருமாம். அதான் தொடச்சி வைக்கிறானாம்."

"அப்பிடியா." கொஞ்ச நேரம் மவுஸை அசைக்கவில்லை. "அவன் கொரலு அப்பிடி இல்லியே."

நல்ல எழுத்தைக் கெடுத்தேன். அதற்கும் சேர்த்துத்தான் கூசுகிறது.

ஜூன் 12, வியாழன்

மாலை நேரம் கழித்து வந்தார். முழங்கை சிராய்ப்பு, சட்டையில் செம்மண். வேப்பூர் ரோட்டில் இடது பக்கமிருந்து ஆடு வந்ததாம்.

"திடீர்னு மொளச்ச மாதிரி வந்துச்சி. பின்னாடி ஒரு லாரிக்காரன், நல்லவேள, பிரேக்கு போட்டான். சாவுகிராக்கின்னு திட்டிட்டுப் போறான்." சிரித்தார்.

மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

அந்த ஆடு முளைக்கவில்லை. அங்கேயேதான் வந்துகொண்டிருந்திருக்கும். கஷ்டமான விளையாட்டை நான் குறை சொல்வதேயில்லை. பள்ளம் இருக்கிறது என்று காட்டிவிட்டுத் தாண்டச் சொன்னால் அது நியாயம். காட்டாமல் தள்ளிவிட்டால் அது வஞ்சனை. எத்தனை முறை அவரிடம் வாதாடியிருக்கிறேன் இதை.

ஜூன் 13, வெள்ளி

மழை வருவதுபோல் இருட்டி, வரவில்லை.

அந்தக் கீழ் மூலைக்குப் போகலாம் என்று அவரே மவுஸை நகர்த்தினார். நான் புது இடம் போலவே பேசினேன். "அட, இங்க ஒரு சந்து இருக்குதுங்க. பாத்துப் போங்க."

கிணற்றடி வந்ததும் நின்றார். கிணற்றுக்குள் சொட்டுச் சத்தம்.

"இங்க குதுர செத்துக் கெடந்துச்சில்ல? முன்னாடியே வந்திருக்கோம் சுமதி."

திரையைச் சுட்டிக்கொண்டிருந்த விரலை எடுத்துக்கொண்டேன்.

"அப்ப அது இருட்டு இல்ல. எனக்குத்தான் இருட்டு."

பிறகு, "இன்னொண்ணு. ரெண்டு வாரமா ஆட்டத்துல நான் சாவவே இல்ல. எவன் வந்தாலும் ரெண்டு அடியில வுழுறான். சுலபத்துல மாத்தி வச்சிருக்கற, அதான?"

அவர் குளிக்கப் போயிருந்தபோது மாற்றியது. ஆமாம் என்றேன்.

"இருவது வருசமா பீங்கானைத் தட்டித் தட்டிக் கீறல் பாக்குறவன் நான். கண்ணுக்குத் தெரியாத கீறலும் சத்தத்துல தெரியும். பாண்டிக்குப் போயிட்டு வந்ததுலேருந்து உன் கொரலு சரியில்ல. நீயா சொல்லுவன்னுதான் இருந்தேன்."

கரண்ட் போனது. ஆட்டத்தைச் சேமிக்கவில்லை.

ஜூன் 14, சனி

பள்ளி விடுமுறை. துணி ஊறவைத்தது ஊறியபடியே.

பீரோவில் புடவைக்கடியில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

"எழுதியிருக்கறத அப்பிடியே சொல்லு. ஒண்ணும் சேக்காத, ஒண்ணும் எடுக்காத."

சொன்னேன். ஒவ்வொரு வரியாக. 'திரும்பாது' என்ற இடத்தில் நிறுத்தினேன். "ம்" என்றார். வண்டி பற்றிய வரி வரை சொல்லி முடித்தேன்.

"எவ்ளோ நாளு இருக்கும்னு எழுதியிருக்குதா?"

"இல்லீங்க."

"இல்லன்னா இல்ல." முழங்கைக் கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். "லாரி பிரேக்கு புடிக்காம இருந்திருந்தா, சுமதி?"

சீட்டை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

சாப்பிடவில்லை இருவரும். மூன்று மணிக்கு அவரே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். "வா. கஷ்டத்துல மாத்து."

மாற்றினேன். நான்கு நிமிடத்தில் செத்தார், இடது பக்கமிருந்து வந்தவன் கையால். மறுபடி. மறுபடியும் அதே பக்கம். மூன்றாம் முறை தொடங்கும் முன், "எடது பக்கம் யாரு வந்தாலும் சொல்லு. வர்றதுக்கு முன்னாடியே சொல்லு" என்றார்.

வண்டிச் சாவியைக் கம்ப்யூட்டர் பெட்டி மேல் வைத்திருக்கிறார். அவரேதான்.