தொண்ணூற்றைந்து சதவீத நம்பிக்கை

கார்த்திகை 9, செவ்வாய்

புதுவயல் ரைஸ்மில் ஆட்களுக்கு எடுத்த மூச்சுப் பரிசோதனையின் முடிவை இன்று மில்லிலேயே டாக்டர் வாசித்தார். கணக்குப் போட்டவள் நான். கூட்டத்தில் பேச வராது என்பதால் ஓரமாக நின்றேன். "எல்லாரோட சராசரியும் இந்த ரெண்டு எண்ணுக்கு நடுவுல இருக்கும்னு தொண்ணூத்தஞ்சு சதவீதம் நம்பிக்கையாச் சொல்லலாம்" என்றார். அவரவர் அளவு எழுதிய சீட்டு அடுத்த வாரம்தான் வரும்.

கூட்டம் கலைந்ததும் மூட்டை தூக்கும் சாத்தையா அண்ணனின் மனைவி வள்ளியக்கா சிரித்துக்கொண்டே வந்தார்.

"தொண்ணூத்தஞ்சாம்ல ஆத்தா! நீ பரீச்சையில கூட அம்புட்டு வாங்கிருக்க மாட்ட. மதுரை ஆசுபத்திரிக்கு அலையணுமோன்னு பயந்து கெடந்தேன். இப்பத்தான் மனுசன வேலைக்குப் போகச் சொன்னேன்."

அண்ணனின் மூச்சளவுதான் எல்லாரிலும் குறைவு. பரிசோதனைக் குழாயில் ஊதும்போதே இருமி உட்கார்ந்துவிட்டார். பேசாமல் வந்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

"அக்கா, அது எல்லாரையும் சேத்துப் போட்ட கணக்கு. அண்ணனுக்கு ரொம்பக் கொறச்சலா இருக்கு. வேலைக்கு அனுப்பாதீக. மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் முகத்தில் சிரிப்பு அணைந்தது.

"அப்ப அந்த நம்பிக்கை யாருக்கு ஆத்தா?"

கணக்குப் போட்ட எனக்கு என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவர் பதிலுக்கு நிற்கவில்லை, கணவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே லாரி நின்ற பக்கம் ஓடினார். அங்கே அண்ணன் ஒரு மூட்டையை ஏற்றிவிட்டு, இருமிக்கொண்டே அடுத்ததற்கு முதுகைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.